'காசக் குடுத்து முடிச்சுவிடு' - கடல் தாண்டினால் வேலைக்கு ஆகாத நம்ம ஊர் வழக்கம்

சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். போட்டது நான். 2024 ஆவணி முகூர்த்தம். "பையன் எங்கப்பா? துபாய்ல இருந்து வரலையா?" என்று மண்டபத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் "லீவு கிடைக்கலை" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார். லீவு கிடைத்திருந்தது. டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ஆனால் அண்ணனின் பாஸ்போர்ட் ஷார்ஜாவில் வழக்குக்காக ஒப்படைக்கப்பட்டிருந்தது. நாட்டை விட்டு வெளியே போகத் தடை.

காரணம் 200 திர்ஹாம். சரியாகச் சொன்னால், 200 திர்ஹாமைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது.

அது நடந்தது அந்த வருடம் எதிர்சேவை அன்று ராத்திரி. அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கிறார். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். சித்தப்பா, சித்தி, நான் எல்லோரும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு போன். கொட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட வரைக்கும் இதுதான்: அண்ணன் கம்பெனி பிக்கப் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நடந்துபோன ஒருவர் மேல் லேசாக இடித்துவிட்டது. அவர் கீழே விழுந்து, எழுந்து, நின்றுகொண்டிருக்கிறார். "ஓகே பாய், ஓகே பாய்" என்கிறார்.

"அடி பெருசா?"

"இல்லப்பா. நல்லாத்தான் நிக்கிறாரு."

"அப்புறம் என்னடா? காசக் குடுத்து முடிச்சுவிட்டுட்டு கெளம்பு. போலீசு கீலீசுன்னு போகாத."

சித்தப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு பைக் மோதினால் அவர் என்ன செய்வாரோ அதைத்தான் சொன்னார். அண்ணனும் அதைத்தான் செய்தார். பையில் இருந்த 200 திர்ஹாமைக் கொடுத்தார், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், கிளம்பினார்.

மறுநாள் காலை அந்த மனிதருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வங்கதேசத்துக்காரர், கட்டட வேலை. ஆஸ்பத்திரிக்குப் போனார். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள், சொன்னார். விபத்துக் காயம் என்றால் அங்கே போலீஸுக்குத் தகவல் போய்விடும். கூட இருந்தவர் போனில் வண்டி நம்பர் இருந்தது. மத்தியானம் கம்பெனிக்கு போலீஸ் போன் வந்துவிட்டது. காயம்பட்டவரை விட்டுவிட்டு இடத்தைவிட்டுப் போனதாக அண்ணன் மேல் புகார்.

அந்த வங்கதேசத்துக்காரர் ஏமாற்றினார் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி வலிக்கவில்லை, காலையில் வலித்தது. அவருக்கும் பத்து நாள் கூலி போனது.

நம்ம ஊரில் ஏன் இப்படி?

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ரேஸ்கோர்ஸ் ரோட்டில் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வேறொரு வேலையாகப் போனபோது அந்தப் பக்கம் ஃபாரம் பூர்த்தி செய்து தரும் கடையில் கேட்ட ஒரு பேச்சு. மேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் மூன்று பேர், டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள். கடைக்கார அண்ணன் துபாயில் 14 வருடம் டாக்ஸி ஓட்டித் திரும்பியவர். பையன்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அங்க இடிச்சுட்டா எவ்வளவு குடுக்கணும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு திர்ஹாம் குடுக்காத. குடுத்தா மாட்டுவ."

பையன் கேட்டது நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் ஆக்சிடென்ட் என்றால் இரண்டே வழி. சின்னது என்றால் பேசி முடிப்பது. நாலு பேர் கூடுவார்கள், வயதான ஒருவர் நாட்டாமையாக மாறுவார், "சரி தம்பி, ஐந்நூறு குடுத்துருப்பா" என்பார், முடிந்தது. பெரியது என்றால் ஓடுவது. கூட்டம் அடித்துவிடும் என்கிற பயம். அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை.

நம்ம ஊர்ச் சட்டமும் ஓடச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், போலீஸுக்குச் சொல்வதும் டிரைவரின் கடமை. ஆனால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைவதை நினைத்து எல்லோருமே பேசி முடித்துக்கொள்கிறோம். வருடக்கணக்கில் அப்படியே பழகி, அதுதான் முறை என்று ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தை பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துப் போகிறோம். சிக்கல் அங்கேதான்.

அந்த முதல் அரை மணி நேரம்

கடைக்கார அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, மனுசனுக்கு அடி இல்ல, வண்டிக்கு மட்டும்தான் அடின்னா வண்டிய ஓரமா எடு. நடு ரோட்ல வச்சுக்கிட்டு சண்டை போட்டா அதுக்கே ஃபைன். மனுசனுக்கு அடி, சின்னதா இருந்தாலும் சரி, அவரே 'ஓகே'ன்னு சொன்னாலும் சரி, அந்த எடத்த விட்டு நகராத. 999 அடி. ஆம்புலன்ஸ் 998. போலீசு வந்து 'போ'ன்னு சொன்னப்புறம் போ."

ஐக்கிய அரபு அமீரகத்தில் இப்போது இது இன்னும் கடுமையாகிவிட்டது. 2024-ம் ஆண்டின் 14-ம் எண் கொண்ட புதிய போக்குவரத்துச் சட்டம் 2025 மார்ச் 29-ல் நடைமுறைக்கு வந்தது. காயம் ஏற்பட்ட விபத்தில் நிற்காமல் போனால் 2 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 1,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. அண்ணன் வழக்கு அதற்கு முந்தைய வருடம். அவர் வண்டியை நிறுத்தினார், பேசினார், உதவ நினைத்தார் என்பதைக் கணக்கில் எடுத்து அபராதத்தோடு முடிந்தது. அதுவே அவருடைய ஆறு மாதச் சேமிப்பு.

போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், ரொம்ப சாதாரணமானது. அங்கே அந்தக் காகிதம் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தொடமாட்டார்கள். இன்ஷூரன்ஸும் வராது. "முன்னாடி பச்சைப் பேப்பர் குடுப்பாங்க. பச்சை வந்தா உன் மேல தப்பில்லைன்னு அர்த்தம். அத வாங்குனாத்தான் ராத்திரி தூக்கம் வரும்" என்றார் அந்த அண்ணன். இப்போது துபாயில் சின்ன விபத்துகளை போலீஸ் ஆப்பிலேயே பதிவு செய்யலாம். சவூதியில் இன்ஷூரன்ஸ் உள்ள வண்டிகளின் சின்ன மோதல்களைப் பார்க்க 'நஜ்ம்' என்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. போன் செய்தால் ஆள் வந்து பார்த்து, யார் மேல் எத்தனை சதவிகிதம் தப்பு என்று எழுதிக் கொடுப்பார். ஆக, அங்கே நாட்டாமைக்கும் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் மோதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். காயம் என்றாலோ, நடந்து போகிறவர், சைக்கிள்காரர் சம்பந்தப்பட்டாலோ போலீஸுக்கும் சொல்ல வேண்டும். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. மலேசியாவிலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் போட்டாக வேண்டும்.

அப்புறம் கையெழுத்து. அமீரகத்தில் போலீஸ் எழுதும் வாக்குமூலம் அரபியில் இருக்கும். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று உடனே பேனாவை எடுக்கிறவர்கள்தான் நம்மவர்களில் அதிகம். அதிகாரி கோபப்படுவாரோ என்கிற பயம். 'முதர்ஜிம்' என்றால் அரபியில் மொழிபெயர்ப்பாளர். அந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எழுதியிருப்பது என்ன என்று புரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அண்ணன் அதையும் கேட்கவில்லை. வாக்குமூலத்தில் என்ன இருந்தது என்பது வக்கீல் படித்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

போனை எடுத்துப் படம் பிடிக்கிற பழக்கமும் நமக்கு உண்டு, இல்லையா? உங்கள் வண்டியின் அடியைப் படம் எடுப்பது வேறு. அடிபட்டுக் கிடப்பவரை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அமீரகத்தில் குற்றம். 2021-ல் வந்த சைபர் குற்றச் சட்டம் இதற்குக் குறைந்தது 6 மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம் என்கிறது. ஒரு வீடியோவுக்கு!

இடித்தவர் மட்டுமல்ல, இடிபட்டவரும்

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்டீயரிங் பிடிப்பவர்களுக்கு. ஆனால் நம் மாவட்டங்களிலிருந்து போகிறவர்களில் பாதிப் பேர் கையில் வண்டியே கிடையாது. நடந்து போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸில், லாரியில் போகிறவர்கள்.

வளைகுடாவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் ஓடும். நாம் பிறந்ததிலிருந்து ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார்த்துப் பழகியவர்கள். அங்கே முதல் வண்டி வருவது இடது பக்கத்திலிருந்து. எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. இறங்கிய முதல் மாதத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அதோடு, நடந்து போகிறவர் பாவம், வண்டிக்காரர்தான் எப்போதும் குற்றவாளி என்கிற நம் ஊர்க் கணக்கும் அங்கே செல்லாது. அமீரகத்தில் கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் 400 திர்ஹாம் அபராதம் என்பது பழைய கதை. புதிய சட்டத்தில், அப்படிக் கடந்து அதனால் விபத்து நடந்தால் சிறையும் 5,000 முதல் 10,000 திர்ஹாம் அபராதமும் வரலாம். 80 கிலோமீட்டர் வேகமோ அதற்கு மேலோ அனுமதிக்கப்பட்ட சாலை என்றால் தண்டனை இன்னும் கூடும். அடியும் பட்டு, அபராதமும் கட்ட வேண்டிய நிலை. கேம்ப்புக்கும் கடைக்கும் நடுவில் பெரிய ரோடு ஓடுகிற இடங்களில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? இது நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 'சொக்சோ' காப்பீட்டுக்குள் வந்துவிட்டார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தும் அதில் சேரும். சிங்கப்பூரில் பொதுவாகச் சேராது. ஆனால் கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அங்கே தொழிலாளர்களை லாரியின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போவது இன்றும் நடப்பதால் இது முக்கியம். 2021 ஏப்ரல் 20 அன்று அப்படி ஒரு லாரி, நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியில் மோதியது. பின்னால் இருந்த 17 தொழிலாளர்களில் 2 பேர் இறந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் வங்கதேசத்தவர்.

சிங்கப்பூரிலும் ஒரு ரேஸ்கோர்ஸ் ரோடு

நம் பாஸ்போர்ட் ஆபீஸ் இருப்பது ரேஸ்கோர்ஸ் ரோட்டில். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் ஒரு ரேஸ்கோர்ஸ் ரோடு இருக்கிறது. வெளிநாட்டு விபத்து பற்றித் தமிழர்கள் பேசும்போது அந்த ரோட்டைத் தாண்டிப் போக முடியாது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. வார விடுமுறைக்கு அங்கே கூடியிருந்த தொழிலாளர்களைத் தங்குமிடத்துக்கு ஏற்றிப் போகும் தனியார் பஸ். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டடத் தொழிலாளி அதில் ஏறினார், இறக்கிவிடப்பட்டார். பிறகு நகரும் பஸ்ஸை ஒட்டி நடந்தவர் தடுமாறி விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தார். மது அருந்தியிருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது.

விபத்து அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் சிங்கப்பூர் 40 ஆண்டுகளுக்கு மேல் பார்க்காத கலவரம். சக்கரத்துக்கு அடியில் இருப்பவரைக் காப்பாற்றாமல் பஸ் டிரைவரையும் அவருடன் இருந்த பெண்ணையும்தான் போலீஸ் காப்பாற்றுகிறது என்று கூட்டம் நினைத்தது. கல் பறந்தது. போலீஸ் வண்டிகள் கவிழ்ந்தன, ஆம்புலன்ஸ் எரிந்தது. உண்மையில் மீட்புக் குழு வந்து பார்த்தபோதே அவர் இறந்திருந்தார். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014-ல் தந்த அறிக்கையில் இந்தத் தவறான புரிதலையும், மதுவையும், கூட்ட மனநிலையையும் காரணங்களாகச் சொன்னது.

25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கடன் வாங்கி, நிலத்தை அடமானம் வைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள் இப்படித் திரும்பி வந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை நம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர்க்காரன் அடிபட்டுக் கிடக்கும்போது ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். அந்தக் கொதிப்பைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே கூட்டம் போட்ட ஒருவராலும் இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை.

உயிர் போனால்: பணத்தின் கணக்கு

எழுதவே கஷ்டமான பகுதி. ஆனால் இதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன.

அமீரகத்தில் விபத்தில் ஒருவர் இறந்து, வேறொருவர் மேல் தப்பு என்று முடிவானால் 'தியா' என்ற இழப்பீடு உண்டு. உயிர்ப்பணம் என்று சொல்லலாம். 2,00,000 திர்ஹாம். டிரைவரிடம் முறையான லைசென்ஸும் வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். குடித்துவிட்டு ஓட்டினாலோ லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலோ, கொடுத்துவிட்டு டிரைவரிடம் திரும்ப வசூலிக்கும். "ஒரு நாள்தானே, வண்டியை எடுத்துட்டுப் போ" என்று லைசென்ஸ் இல்லாத நண்பனிடம் சாவியைக் கொடுக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

2019 ஜூன் 6, ரம்ஜான் விடுமுறை. மஸ்கட்டிலிருந்து துபாய் வந்த பஸ், ரஷீதியா மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் உயரத் தடுப்புக் கம்பியில் மோதியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் இந்தியர்கள். டிரைவர் 34,00,000 திர்ஹாம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 17 பேருக்குத் தலா 2 லட்சம் என்ற கணக்கு.

அதே பஸ்ஸில் பிழைத்த ஓர் இந்திய மாணவருக்கு மூளையில் பலத்த காயம். அவருக்கு முதலில் கிடைத்த இழப்பீடு 10 லட்சம் திர்ஹாம். குடும்பம் அத்தோடு விடவில்லை. கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 50 லட்சம் திர்ஹாம் என்று தீர்ப்பானது. அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கு மேல். "கொடுத்ததை வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடுங்கம்மா, இல்லைன்னா இதுவும் வராது" என்று யாராவது சொன்னால் இந்தக் கதை ஞாபகத்துக்கு வரட்டும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2012-ல் அபுதாபியில் கேரளாவின் திருச்சூரைச் சேர்ந்த டிரைவர் ஓட்டிய கார் மோதி ஒரு சூடான் நாட்டுச் சிறுவன் இறந்தான். டிரைவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. பல வருடம் பேச்சுவார்த்தை நடந்து, சிறுவன் குடும்பம் மன்னிக்கச் சம்மதித்து, லுலு குழுமத்தின் யூசுஃப் அலி 5 லட்சம் திர்ஹாம் செலுத்தி, 2021-ல்தான் அவர் ஊருக்கு வர வழி பிறந்தது. எல்லோருக்கும் ஒரு யூசுஃப் அலி கிடைக்கமாட்டார்.

இழப்பீடு தானாக வீடு தேடி வரும் என்று இருக்க முடியாது. வாரிசுகள் கேட்க வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அங்கே ஒருவரைச் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம், அதற்கு நோட்டரி, மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை. இந்த அலைச்சலுக்குப் பயந்து, வாசலுக்கு வரும் முதல் ஏஜென்ட்டிடம் பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வந்த பணம் எவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கணக்கு. பவர் எழுதுவதற்கு முன்பு அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இந்தியர்களுக்காக 2009 முதல் இருக்கும் சமூக நல நிதியிலிருந்து சட்ட உதவிக்கும், வழியில்லாதவர்களின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கும் பணம் ஒதுக்க முடியும். 'மதத்' என்ற இணையதளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியலாம். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இந்தியத் தூதரக உதவி எண் 800 46342. போன் பட்டனில் 800-க்குப் பிறகு ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று அழுத்தினால் வரும் எண் அது, மறக்காது.

நம் மாநில அரசின் அயலகத் தமிழர் துறைக்கும் 24 மணி நேர உதவி எண்கள் உண்டு. இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80690 09901. தமிழிலேயே பேசலாம். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் விபத்துக் காப்பீடும் எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று இருக்கும். அப்படி அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் கட்டிவிடுவார். பாலிசிப் பேப்பரை வீட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அந்தப் பேப்பர் எங்கே என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

இதெல்லாம் எழுதும்போது தலைகீழாகவும் யோசித்துப் பார்த்தேன். நம்ம ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரர் அடிபட்டால்? மீனாட்சி கோயிலுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் எத்தனை பேர் வருகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடங்கியபோது 1 லட்ச ரூபாய் வரை. எந்த ஊர், எந்த நாடு என்று கேட்பதில்லை, வெளிநாட்டவரும் சேர்த்திதான். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன் வந்தார்

வழக்கு புரட்டாசியில் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கம்பெனி வேலையை விட்டு எடுக்கவில்லை, அபராதத்துக்கு முன்பணம் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. தங்கச்சி கல்யாண வீடியோவை எத்தனை முறை பார்த்தார் என்று தெரியாது. "மோதிரம் போடும்போது உன் கை ஏன்டா நடுங்குது?" என்று என்னிடம் கேட்டார். சித்தப்பா அந்த ராத்திரி போனில் சொன்னதைப் பற்றி அப்பாவும் மகனும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா இப்போதெல்லாம் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

அடுத்த சித்திரைக்கு அண்ணன் லீவில் வந்தார். நானும் அவரும் பைக்கில் போகும்போது கோரிப்பாளையம் சிக்னல் பக்கம் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. ரொம்பச் சின்னது. எங்கள் பைக் இண்டிகேட்டர் உடைந்தது, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வழக்கம்போல நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் "முந்நூறு குடுத்துருப்பா, முடிஞ்சது" என்று ஆரம்பித்துவிட்டார். அவரும் பாக்கெட்டில் கைவிட்டார்.

"காசு வேணாம் பாஸ். உங்களுக்குக் கையில அடிபட்ருக்கு, இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை எடுத்து 100-ஐ அழுத்தினார்.

ரிங் போவதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். கூட்டமும் கலைந்துவிட்டது. பெரியவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். இண்டிகேட்டர் மாற்ற 350 ரூபாய் ஆனது. நான்தான் கொடுத்தேன்.